பியானோவுக்குள் ஒரு டாலர்

புதுப் பியானோ கிர்ரென்று அதிர்கிறது என்று எப்சம் பகுதியிலிருந்து மிஸஸ் லின் போன் செய்ததும் குணசீலன் கருவிப் பெட்டியைத் தூக்கினான். அவன் மனைவி சுரேகா கடைச் சாவியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். வராமல் என்ன செய்வாள்? செய்து வைத்த வேலை அப்படி.

"நானும் வரேங்க."

"நீ என்னத்துக்குலா? கடைய யாரு பாக்குறது?"

"பூட்டிட்டு வரலாம். ஆமா, இங்க கூட்டம் அலைமோதுதாக்கும்!"

கூட்டம்தான் இல்லை. வங்கியில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு, நகரத்தின் இன்னொரு மூலையான சான்ட்ரிங்ஹாமில் இந்திய மளிகைக் கடைகளுக்கு நடுவே பியானோ விற்கக் கிளம்பியவனைப் பார்த்து தெரிந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவன் போட்ட திட்டம் வேறு. அங்கே இருக்கும் நல்ல பள்ளிக்கூடத்துக்காகவே எப்சத்தில் வீடு பிடித்த சீனக் குடும்பங்கள் ஏராளம். பிள்ளைக்குப் பியானோ வாங்காத வீடு குறைவு. வருஷத்துக்கு இரண்டு தடவையாவது சுருதி சேர்க்க வேண்டும். குணசீலனோ ஈப்போவில் பிறந்து, ஆறாம் வகுப்பு வரை சீனப் பள்ளியில் படித்தவன்; அந்த ஊர் 'லா' இன்னும் அவன் பேச்சை விட்டுப் போகவில்லை. அவனுடைய மாண்டரின் பன்னிரண்டு வயதோடு நின்றுவிட்டாலும், எந்தக் கம்பி ஏன் கெட்டது என்று பொறுமையாகச் சொல்ல அது போதும். மிஸஸ் லின்தான் முதல் வாடிக்கை. எப்சம் அம்மாக்கள் போனில் அரட்டையடிக்கும் வீசாட் குழுவில் நூற்றுச் சொச்சம் பேர். அவள் அதில் நல்லதாக ஒரு வரி எழுதினால் கடை நிற்கும். வேறு மாதிரி எழுதினால் சாவியைக் கொடுத்துவிட்டு மறுபடியும் வங்கி வாசலில் போய் நிற்க வேண்டியதுதான்.

முதல் வியாபாரம் ஆச்சே என்றுதான் சுரேகா அதைச் செய்தாள். மதுரையில் அவள் வீட்டில் மிக்ஸி வாங்கினால்கூடப் பொட்டு வைக்காமல் ஓட்டமாட்டார்கள். பியானோவை ஏற்றிப்போக லாரி வருகிறதா என்று அவன் வெளியே போன நேரம் பார்த்து, பியானோவின் கீழ்ப் பலகையைக் கழற்றி, ஒரு டாலர் காசுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, சந்தனத்தைக் குழைத்து உள்ளே மரத்தில் ஒட்டிவிட்டாள். சந்தனம் காய்ந்தால் உதிரும் என்று அந்தப் புத்திசாலிக்குத் தோன்றவே இல்லை.

காரில் மூன்று தடவை வாயைத் திறந்தாள். ஸ்டியரிங்கை அவன் பிடித்திருந்த பிடியைப் பார்த்து மூன்று தடவையும் மூடிக்கொண்டாள்.

மிஸஸ் லின் சிரிக்காமல் கதவைத் திறந்தாள். மகளுக்குச் சனிக்கிழமை பியானோ பரீட்சை என்றாள். ஒரு கட்டையை அழுத்திக் காட்டினாள், உள்ளே கிர்ரென்றது. குணசீலன் மண்டியிட்டுப் பலகையைக் கழற்றி, டார்ச் அடித்து, கையை விட்டான். மஞ்சள் படிந்த காசு வெளியே வந்தது.

காசைப் பார்த்தான். திரும்பி சுரேகாவைப் பார்த்தான். அப்புறம் உள்ளங்கையை மூடிக்கொண்டு, தலையைக் குனிந்து, மாண்டரினில் ஏதோ சொன்னான். மிஸஸ் லின்னின் முகம் கடுகடுத்தது. வெடுக்கென்று ஏதோ சொல்லிவிட்டு போனைக் கையில் எடுத்தாள்.

"என்னங்க சொன்னீங்க?"

"பேசாம இரு. நான் பாத்துக்கிறேன்."

பேசாமல் இருக்கிற ஆளா அவள்? ஆங்கிலத்தில் கொட்டித் தீர்த்துவிட்டாள். காசை வைத்தது நான்தான் மேடம், இவருக்குத் தெரியவே தெரியாது, பிள்ளை நன்றாக வாசிக்கட்டும், வீடு நல்லா இருக்கட்டும் என்று வைத்தேன், இவர் மேல் ஒரு குற்றமும் இல்லை.

மிஸஸ் லின்னின் விரல் போன்மேல் நின்றது. "தன் சட்டைப் பையிலிருந்து விழுந்தது என்றாரே? தன்னுடைய கவனக்குறைவு, பியானோவைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றாரே?"

அடப்பாவி மனுஷா! கவனமான கை என்கிற பேர் ஒன்றுதான் அவன் தொழிலுக்கு முதல். அதையா தூக்கிக் கொடுத்தான்? சுரேகாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"ஏங்க இப்படிச் செஞ்சீங்க?"

"பின்ன? ஒன்னக் காட்டிக் குடுக்கச் சொல்றியா?"

என்ன பேசுகிறீர்கள் என்று மிஸஸ் லின் கேட்டாள். அவன் காது சிவக்க, தன் ஆறாம் வகுப்பு மாண்டரினில் சொன்னான். அவள் போனை வைத்துவிட்டுப் பியானோ பெஞ்சில் உட்கார்ந்தாள். சுரேகாவுக்கும் புரியட்டும் என்றோ என்னவோ, ஆங்கிலத்திலேயே பேசினாள்.

"என் கணவர் ஷாங்காயில் இருக்கிறார். வருஷத்துக்கு இரண்டு வாரம் வருவார். கேட்டதெல்லாம் வாங்கித் தருவார், குறை சொல்லக் கூடாது. ஆனால் என் தப்பைத் தன் தப்பென்று சொல்ல இந்த வீட்டில் ஆள் இல்லை."

சுரேகா கேட்காமலே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மிஸஸ் லின் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"பிள்ளைக்கென்று வைத்த காசைக் கொண்டுபோகாதீர்கள்" என்றாள். "சத்தம் வராத இடமாகப் பார்த்து வையுங்கள்." குணசீலன் பசையும் கம்பளித் துண்டும் எடுத்தான்.

சாயங்காலம் கடையில் அவன் போன் டிங்கென்றது. தான் குழுவில் எழுதியதை மிஸஸ் லின் அவனுக்கும் அனுப்பியிருந்தாள். அவன் எழுத்துக் கூட்டித் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான்.

"'பியானோ நல்லா இருக்கு. இந்த ஆளுக்குப் பொய் சொல்ல வராது, தைரியமாக் கூப்பிடுங்க.' இன்னும் ஒரு வரி இருக்குலா. 'வரும்போது பொஞ்சாதியையும் கூட்டிக்கிட்டு வரச் சொல்லுங்க, வீட்டுல பேச ஆள் இல்லாதவங்க நம்மள்ல நெறையப் பேர் இருக்கோம்.'"