தெரேசம்மா கேட்டு வந்த வாக்கு

விடிந்தும் விடியாததுமாக லோஜன் எழுந்தான். மலைத் தண்ணீர் விழும் பீலிக்குப் போய் முகம் கழுவினான். ஒரு வாளித் தண்ணீர் பிடித்து வந்தான். அடுப்பைப் பற்றவைத்துப் பாலில்லாத பிளேன்டி போட்டான். கோதுமை மாவைப் பிசைந்து ரொட்டி தட்டினான். வெந்ததும் தட்டில் போட்டு எடுத்துக்கொண்டு வெளியே வந்து, வரிசை வீடுகளாக நீளும் லயத்தின் கூரை ஓரத்தில் நின்றபடியே தின்றான். மழை நாளிலும் அப்படித்தான். வீட்டுக்குள் தின்பதில்லை. ஏன் என்று பக்கத்து வீட்டுக் கோகிலா ஆரம்பத்தில் கேட்டாள். இப்போது கேட்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை. அவன் கணிதம் படிப்பிக்கும் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. பலாங்கொடையிலிருந்து மேலே வரும் முதல் பஸ்ஸில் தெரேசம்மா வருவாள். முந்தாநாள் அவன் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது போன் எடுத்திருந்தாள். "ஒரு விசயம் கேக்கோணும் தம்பி. போனில கேக்கிற விசயமில்லை." என்ன கேட்கப் போகிறாள் என்பது தெரிந்துதான் இருந்தது.

அவன் மனைவி ரோஷானி இதே தோட்டத்தில் பிறந்தவள். கடலைப் பாடப்புத்தகத்தில் மட்டும் பார்த்து வளர்ந்தவள், படித்து முடித்து மன்னார்ப் பக்கத்துத் தீவொன்றுக்கு வேலைக்குப் போனாள். தீவின் வடக்கே கடலுக்குள் கடற்புல் அடர்ந்த ஒரு திடல். நண்டுக் குஞ்சுகள் வளரும் இடம். அங்கே வலை போடுவதில்லை என்று மீனவர்களே கூடி முடிவெடுக்கும்வரை வீடு வீடாகப் பேசிக்கொண்டிருந்தாள். கரையில் தெரேசம்மா போன்ற பெண்களுக்குக் கருவாடு காயவைக்கப் பரண் கட்ட உதவினாள். மணல் ஒட்டாத அந்தக் கருவாடு பலாங்கொடைக் கடைகள்வரை வந்தது. போன வருடம் விடுமுறையில் வந்த இடத்தில் டெங்குக் காய்ச்சல். அவ்வளவுதான்.

தெரேசம்மா சால்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு வந்து சேர்ந்தாள். கையில் கருவாட்டுப் பை.

"என்ன குளிர் தம்பி இது. மனுசர் இருக்கிற இடமோ?"

"இன்னைக்கி நல்ல வெயிலுங்க அக்கா."

அவள் சிரிக்கவில்லை. தேத்தண்ணீரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விசயத்துக்கு வந்தாள்.

"என்ர தங்கச்சி மகன் டெனிஸ்டன் தெரியும்தானே. ரோஷானி மிஸ் கொஞ்ச வருசத்துக்குத்தான் மூடச் சொன்னவ, காலம் முடிஞ்சுது, திடலைத் திறவுங்கோ எண்டு நிக்கிறான். பாதி ஊர் அவனோட. இண்டைக்குப் பூசை முடியக் கோயிலடியில கூட்டம். சாகேக்க ஒராள் சொன்ன சொல்லை எங்கட ஊரில ஒருத்தரும் மீறமாட்டினம். அதால, மிஸ் கடைசியா என்ன சொன்னவ எண்டு உங்களைக் கேட்டு முடிவெடுக்கிறதெண்டு கதைச்சிருக்கு. போன் எடுப்பினம்."

"கடலப் பத்தி அவ ஒன்னும் சொல்லலீங்க அக்கா."

காதில் விழாதவள்போல் அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"சொன்னவ எண்டு சொன்னா என்ன தம்பி? ஆர் வந்து பாத்தது? திடலுக்க வலை விழுந்தா ஒரு மாசத்தில குஞ்சு முழுக்கப் போயிடும். பிறகு என்ர பிள்ளையள் எதைப் பிடிக்கிறது?"

லோஜன் போனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டான். ஒரே ஒரு சொல். அது நல்ல சொல்லும்கூட. ரோஷானியும் அதைத்தான் விரும்பியிருப்பாள். ஆனால் அவள் சாகும்போது 'அம்மா' என்றாள் என்று அவளுடைய தாய் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆண்டவரைக் கூப்பிட்டாள் என்று பாதிரியார் அடக்கத்தன்று பிரசங்கம் செய்தார். இரண்டு பேருமே அந்த நேரத்தில் அங்கே இருக்கவில்லை. அவன் மறுக்கவும் இல்லை. ஒவ்வொரு தடவையும் அவள் உண்மையில் சொன்னது அவன் காதுக்குள் கொஞ்சம் தேய்ந்தது. இனி அவன் வாயாலேயே இன்னொன்றைச் சொன்னால் மிச்சமும் போய்விடும் என்று பயந்தான்.

லயத்தில் சிக்னல் கிடையாது. தேயிலை மலைக்கு மேலே இருக்கும் பாறைக்கு ஏறினார்கள். வழியில் மூச்சு வாங்க நின்றபோது தெரேசம்மா தன் புருசனைப் பற்றிச் சொன்னாள்.

"படகை விக்காதை எண்டு சொல்லிப்போட்டுக் கண்ணை மூடினவர். இண்டைக்கும் கரையிலதான் கிடக்கு. பலகை எல்லாம் உக்கிப்போச்சு. நாய் குட்டி போடுது அதுக்குள்ள."

"நல்லா இருக்கையிலேயே வித்திருக்கலாமே."

"சொல்லிப்போட்டெல்லோ போனவர்."

பாறையில் மேகம் இறங்கியிருந்தது. போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டான். பின்னால் ஆட்களின் இரைச்சல், ஒரு குழந்தையின் அழுகை.

"அண்ணை, டெனிஸ்டன் கதைக்கிறன். பெரியம்மா தேத்தண்ணியைக் குடிச்சுப்போட்டு உங்களுக்குப் பாடம் சொல்லித் தந்திட்டாவோ?"

அந்தப் பக்கம் சிரித்தார்கள். தெரேசம்மா பல்லைக் கடித்தாள். "வா, வந்து உன்ர வாயைத் தைக்கிறன்" என்றாள், போனுக்குக் கேட்காதபடி.

"மிஸ் கடைசியா என்ன சொன்னவ அண்ணை? எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்கினம்."

லோஜன் வாயைத் திறந்தான். இணைப்பு அறுந்தது. போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். தெரேசம்மா அவன் முகத்தையே பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. ஒரு சொல், என்று அந்தக் கண் கேட்டது. மறுபடி போன் அடித்தது.

"திடலப் பத்தி அவ ஒன்னும் சொல்லல" என்றான் லோஜன். "மூடச் சொல்லவும் இல்ல, தொறக்கச் சொல்லவும் இல்ல."

தெரேசம்மா பாறையில் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பக்கம் யாரோ கைதட்டினார்கள். லோஜன் போனை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனான்.

"ஒன்னு கேக்கிறேன். அவ இருக்கையில வருசா வருசம் எப்பிடி முடிவெடுத்தீங்க?"

"எல்லாரும் படகில போய்ப் பாப்பம். குஞ்சு கிடக்கோ, சினை நண்டு கிடக்கோ எண்டு. பிறகு இருந்து கதைப்பம்."

"இந்த வருசம் போனீங்களா?"

"மிஸ் இல்லையே" என்றான் டெனிஸ்டன்.

"அப்ப பாக்காமலே தொறக்கவும் சண்ட, மூடவும் சண்டயா? செத்தவ சொல்லித்தானா கடலுக்குள்ள என்ன இருக்குன்னு தெரியணும்?"

பல குரல்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன. கிழவர் ஒருவர் இருமிக்கொண்டே ஏதோ அதட்டினார். கடைசியில் டெனிஸ்டன் வந்தான்.

"சரி. இந்தக் கிழமை போய்ப் பாக்கிறம். அதுவரைக்கும் ஒருத்தரும் வலை போடமாட்டினம். பாத்த பிறகும் நான் திறக்கத்தான் சொல்லுவன் அண்ணை, இப்பவே சொல்லிப்போட்டன்."

போன் நின்றது. இறங்கும்போது தெரேசம்மா முன்னால் போனாள், வேகமாக.

"ஒரு பொய். சின்னப் பொய். சொல்லியிருந்தா நிம்மதியா வீட்டை போயிருப்பன்."

"திடலும் அந்தப் படகு மாதிரி ஆயிருமுங்க அக்கா."

கொஞ்சத் தூரம் போனதும் அவளுடைய நடை தளர்ந்தது.

பஸ் திரும்பும் இடத்தில் என்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. ஏறப்போனவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

"கூட்டத்துக்கில்லை, எனக்குச் சொல்லுங்கோ. மிஸ் உண்மையில ஒண்டுமே சொல்லேல்லையோ?"

இதுவரை அவன் யாரிடமும் சொன்னதில்லை. ஆஸ்பத்திரி வாசல் கடையில் ரொட்டிப் பார்சல் வாங்கிவந்து கட்டிலருகே பிரித்ததையும், அவள் சொன்னபடி எடுத்துக்கொண்டு வெளியே போனதையும், திரும்பி வந்தபோது அவளுக்கு நினைவில்லாமல் போயிருந்ததையும் சொன்னான். பிறகு அவள் சொன்னதை, அவள் சொன்ன மாதிரியே சொன்னான்.

"அதத் தூக்கிட்டு வெளிய போயி தின்னுட்டு வாங்க, இந்த வாசனைக்கே கொமட்டுது. மெதுவா தின்னுங்க, விக்கிக்கப் போறீங்க."