பழைய வீட்டில் ஆள்

மூன்றாவது பிடி மண்ணைப் போட்ட பிறகுதான் காலிதீனுக்குத் தன் காலில் இன்னும் கொழும்புச் சப்பாத்து இருப்பது தெரிந்தது. கபுறுக் குழியை மூடியாகிவிட்டது. பஸ்ஸால் இறங்கி மையவாடிக்கு ஓடி வந்தவனுக்கு வாப்பாவின் முகம் கிடைக்கவில்லை, மண்தான் கிடைத்தது.

"லுஹர் தொழுக முடிஞ்சும் பாத்தம்," என்றார் மச்சான் ஜவுபர். "அதுக்கு மேல வெச்சிரிக்க ஏலாமப் பெய்த்து."

யாரும் அவனைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வாப்பாவுக்குக் கடுமை, உடனே வா என்று நேற்றுக் காலை பத்து மணிக்கே அவன் வேலை செய்யும் கொழும்புக் கந்தோருக்குத் தந்தி வந்துவிட்டது. அங்கே யூனிக்ஸ் கம்பியூட்டரின் பழைய டிஸ்க் சாகக் கிடந்தது. மெஷினை நிறுத்தாமல், ஆட்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே, அதன் ரூட்டை, எல்லாவற்றுக்கும் அடியான இடத்தை, புதிய டிஸ்குக்கு மாற்றும் பொறுப்பு அவனுடையது. புதிதாக நுழைகிறவர்கள் புதியதில் போய் நிற்பார்கள். முன்பே நுழைந்தவர்கள் பழையதில்தான் இருப்பார்கள். அப்படி ஒரே ஒருவர் மிச்சமிருந்தாலும் பழையதைக் கழற்ற மெஷின் விடாது. 'பிஸி' என்று திரையில் காட்டும்.

போன லீவில் இதை வாப்பாவுக்கு விளங்கப்படுத்தியிருந்தான். வாப்பா வீட்டின் பின்பக்கம், முன்பு சமையல் நடந்த குசினி அறையில் பாயில் இருந்தார். தான் கட்டிய கல்வீட்டை, ஜவுபரைக் கட்டிய மகள் றாஹிலாவுக்குச் சீதனமாக எழுதிவிட்டு, ஊர் வழக்கப்படி உம்மாவுடன் அந்த அறைக்கு ஒதுங்கியவர். உம்மா மவுத்தான பிறகும் அவருக்கு அதுதான் வீடு.

"அப்ப, பழைய ஊட்டுல இரிக்கிறவன் எழும்பாட்டி?" என்று கேட்டார்.

"எழும்புற மட்டும் காத்திரிக்கணும் வாப்பா. இல்லாட்டி அவன்ட வேலைய வெட்டி உடணும்."

"வெட்டாத மகன்," என்று சிரித்தார் வாப்பா. "பாவம்."

நேற்று பழைய டிஸ்கில் மிஞ்சியது ஒரேயொரு வேலை. யாரோ அச்செடுக்க ஓடவிட்டுப் போன நீண்ட பட்டியல். ஒற்றைக் கட்டளையில் அதை வெட்டிவிட்டு அவன் பஸ் ஏறியிருக்கலாம். வாப்பாவின் அந்தப் 'பாவம்' வந்து கையைப் பிடித்தது. பின்னேரம் வரை காத்திருந்து, அச்சான தாள்களை உரியவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். போன கிழமையே இதை வேறு இடத்தில் எடுத்துவிட்டேனே என்று அவர் கட்டோடு குப்பைக் கூடையில் போட்டார். அதற்குள் கடைசி பஸ் போய்விட்டது. விடியற்காலை பஸ்ஸைத்தான் பிடிக்க முடிந்தது.

விடியற்காலைச் சுபஹு வரை வாப்பாவின் உயிர் இழுத்துக்கொண்டு கிடந்ததாம். பெரிய வீட்டுக்குள் தூக்கிப்போய்க் கட்டிலில் கிடத்தப் பார்த்தார்களாம். வாப்பா பாயின் ஓரத்தைப் பிடித்த பிடியை விடவில்லையாம்.

"'மகன் வாற மட்டும் இதுலயே இரிக்கன்' எண்டாரு," என்றாள் றாஹிலா. அழுது ஓய்ந்த குரலில் கோபம்கூட இல்லை.

எவனோ ஒருவனின் குப்பைக்கு இரங்கியவன், பெற்றவரைக் காக்க வைத்துவிட்டான். இந்தக் கணக்கை இனி யாரிடம் போய்ச் சொல்லி நேராக்குவது என்று அவனுக்குத் தெரியவில்லை. தன்னை மன்னிக்கும் எண்ணமும் வரவில்லை.

பொழுதுபட, மஃரிபுக்கு முன்பாக, குசினி அறையைப் பூட்டிவிடலாமென்று ஜவுபர் திறப்போடு வந்தார். கதவு பாதி சாத்தியிருந்தது. வாசற்படியில் மையவாடி மண் ஒட்டிய கொழும்புச் சப்பாத்துகள் கழற்றி வைக்கப்பட்டிருந்தன.

அவர் திறப்பைச் சாரன் மடியில் சொருகிக்கொண்டு திரும்பிப் போனார்.