முப்பத்தெட்டு விநாடிப் பதிவு

கத்தி, கறை படிந்த சட்டை, கைப்பேசி, கேமராப் பதிவு என்று நீதிமன்றத்துக்கு வரும் சான்றுப் பொருள்களுக்கு எண் போட்டுப் பூட்டி வைப்பதும், கேட்கும்போது நீதிபதி முன்னால் எடுத்துக் காட்டுவதும் அவள் வேலை. பதினாறு வருஷமாக அந்த அறைக்கு அவள்தான் குமாஸ்தா. அவள் கொழுந்தன் ஒரு தொலைக்காட்சியில் நிருபர். நாற்பது வயதாகியும் வீட்டில் அவன் பெயர் சின்னவன்தான்.

கடைத்தொகுதி ஒன்றின் மாடிப்படியில் உருண்டு விழுந்து கடிகாரக் கடைக்காரர் இறந்துபோனார். அவருடைய வியாபாரக் கூட்டாளிதான் தள்ளிவிட்டான் என்பது வழக்கு. படியின் உச்சியில், கூரையில் ஒரு கேமரா இருந்தது. அதில் பதிவானது முப்பத்தெட்டு விநாடி. இருவரும் வாய்ச்சண்டை போடுகிறார்கள்; கடைக்காரர் முதலில் கையை ஓங்குகிறார்; கால் தடுமாறுகிறது; கூட்டாளியின் கை அவர் மார்பை நோக்கிப் போகிறது. அந்தக் கை தள்ளியதா, பிடிக்கப் போனதா என்பதில்தான் வழக்கே நின்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சின்னவன் வந்தான்.

"அண்ணி, அந்தப் பதிவோட பிரதி கேட்டு நாளைக்கு மனு போடறோம். உங்ககிட்ட குறுக்கு வழியில கேட்டேன்னு நாளைக்கு யாரும் சொல்லிடக் கூடாது. அதான் முன்னாடியே காதுல போட்டு வைக்கிறேன்."

"கேட்டாலும் குடுத்திருக்க மாட்டேன்."

"அதுவும் தெரியும்," என்று சிரித்தான்.

மனு விசாரணைக்கு வந்தது. திறந்த நீதிமன்றத்தில் காட்டப்போவதை மக்களும் பார்க்கட்டுமே என்றார் சின்னவன் தரப்பு வக்கீல். முக்கியமான சாட்சி இன்னும் கூண்டேறவில்லை, அவர் டிவியில் பார்த்துவிட்டு வந்து சொன்னால் அது சாட்சியா என்று கேட்டார் கூட்டாளியின் வக்கீல். நீதிபதி இரண்டு பக்கத்தையும் கேட்டுவிட்டு, "இங்கே வந்து உட்கார்ந்து யார் வேணும்னாலும் பார்க்கலாம். பிரதி மட்டும் சாட்சிகள் முடிஞ்ச பிறகு" என்றார்.

"ஆறின கஞ்சி பழங்கஞ்சி அண்ணி. அப்புறம் குடுத்து என்ன பிரயோஜனம்?" என்று நடையில் முணுமுணுத்தான் சின்னவன். ஆனாலும் உத்தரவை மீறவில்லை.

மூன்றாம் நாள் வேறொரு சேனலில் அந்தப் படம் வந்துவிட்டது. முழுதாக அல்ல, ஒன்பது விநாடி மட்டும். கை நீள்கிறது, மனிதர் விழுகிறார். அதையே மெதுவாக்கி, வட்டம் போட்டு, பொழுதெல்லாம் ஓட்டினார்கள்.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம். கொழுந்தன் நிருபர் என்பதால் எல்லோர் கண்ணும் குமாஸ்தாமேல் விழுந்தது. பக்கத்து மேசைக்காரர் இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை. தலைமை எழுத்தர் எழுத்து மூலம் விளக்கம் கேட்டார். அவள் விளக்கம் எழுதவில்லை; சேனலில் வந்த படத்தையும் தன்னிடம் இருந்த பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டினாள். நீதிமன்றப் பிரதியின் மூலையில் சான்று எண் பதிந்திருந்தது. சேனல் படத்தில் அது இல்லை. விசாரித்ததில், கடைத்தொகுதி மேலாளர் தன் கணினியில் இருந்த மூலத்தை வெட்டிக் கொடுத்திருந்தது தெரிந்தது. அவர்மேல் தனி நடவடிக்கை ஆரம்பித்தது. பக்கத்து மேசைக்காரர் பேச ஆரம்பித்தார். அவள்தான் அவ்வளவு சுலபத்தில் பதில் சொல்லவில்லை.

அந்த முக்கியமான சாட்சி, ஒரு தையற்காரர், கூண்டேறியது அதற்கு அடுத்த வாரம். அவர் கடை அந்தப் படிக்கட்டின் அடியில் இருந்தது. சாதுவான மனிதர்.

"என் கண்ணால பார்த்தேன் ஐயா. நெஞ்சுல கைய வச்சுத் தள்ளினாரு. அப்போ அந்தக் கூட்டாளியோட உச்சந்தலை வழுக்கைகூடப் பளபளன்னு தெரிஞ்சுது."

கணினி முன்னால் உட்கார்ந்திருந்த குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தாள். அந்த வழுக்கையை அவள் பதிவில் இருபது தடவை பார்த்திருக்கிறாள், கூரையிலிருந்து. அவள் வாய் திறக்கக் கூடாது. கூட்டாளியின் வக்கீல் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வக்கீல் நிதானமாக எழுந்தார்.

"நீங்க எங்க நின்னீங்க?"

"என் கடை வாசல்ல."

"அவர்?"

"மேல, பதினெட்டுப் படிக்கு மேல."

"கீழே நின்னா மோவாய் தெரியும். உச்சந்தலை எப்படித் தெரிஞ்சுது?"

தையற்காரர் போலீசில் கொடுத்திருந்த முதல் வாக்குமூலத்தை வக்கீல் வாசித்தார்: 'சத்தம் கேட்டு வெளியே வந்தேன். அதற்குள் அவர் விழுந்து கிடந்தார்.'

"கடையில டிவி இருக்கா?"

"இருக்கு. அந்த வாரம் பூரா அதுதானே ஓடுச்சு..." என்றவர் அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

சாட்சியத்தில் கையெழுத்துப் போடும்போது அவர் குமாஸ்தாவிடம் குனிந்து சொன்னார்: "அம்மா, நான் பொய் சொல்லல. பார்த்த மாதிரியேதான் இருக்கு. இப்பவும் கண்ணை மூடினா அப்படித்தான் தெரியுது."

"நீங்க வேணும்னு சொல்லலைன்னு எனக்குத் தெரியுது" என்று மட்டும் சொல்லி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினாள்.

நேரில் பார்த்ததாக அவர் சொன்னதை நீதிபதி ஏற்கவில்லை. மிஞ்சியது பதிவு ஒன்றுதான். அதை வைத்து மட்டும் கொலை என்று சொல்ல முடியாது என்று கூட்டாளியை விடுதலை செய்தார். தீர்ப்பு வந்த அன்று கடைக்காரரின் மனைவி முதல் ஆளாக எழுந்து வெளியே போனாள். வாசலில் நின்றவர்கள் கூட்டாளியைக் கொலைகாரன் என்று கத்தினார்கள்.

மறுநாள் சின்னவன் முறைப்படி பிரதி வாங்க வந்தான். முப்பத்தெட்டு விநாடியையும் வெட்டாமல் போடப்போவதாகச் சொன்னான். எத்தனை பேர் பார்ப்பார்கள் என்று அவனுக்கே சந்தேகம்.

"அண்ணி, ஒண்ணு கேக்கட்டுமா? செய்திக்காக இல்ல. அவன் தள்ளினானா, பிடிக்கப் போனானா?"

அவள் உறையை ஒட்டிக்கொண்டே சொன்னாள்: "ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி தெரியுது சின்னவனே. நேத்தும் பார்த்தேன். எனக்குத் தெரியல."

அவன் உறையை வாங்கிக்கொண்டு, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான்.