அரிசி டிரம்மில் கிடந்த லைசென்ஸ்

விழுப்புரத்தில் வக்கீல் வெனிலாவின் ஆபீஸில் அப்பீல் விஷயமாக உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்காரர் கோதண்டபாணிக்கு வழிப்பறி கேஸில் திண்டிவனம் கோர்ட் மூன்று வருஷம் போட்டு, அதில் பத்து மாதம் கடலூர் ஜெயிலில் போய்விட்டது. அப்பீலில் தோற்றால் மிச்சமும் அங்கேதான். குட்டியானை வண்டியில் தர்பூசணி ஏற்றிப் பிழைத்த மனுஷன் செயின் அறுத்தாராம். கேட்கிறவன் கேனையனாக இருந்தால் கேப்பையில் நெய் வடிகிறது என்பார்கள்.

"அக்கா, செயின் கிடைக்கல. அடையாள அணிவகுப்பும் நடத்தல. அத வெச்சி பேசலாம். ஆனா செயின பறிகொடுத்த அந்தம்மா சாட்சி உறுதியா இருக்கு. எனக்கு பயமே அதுதான்" என்ற வெனிலா, சாட்சியத்தைப் படித்தாள்.

"ஏப்ரல் நான்காம் தேதி மாலை, செயினை இழுத்தவனின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டேன். அவன் திமிறியதில் கட்டியிருந்த கைக்குட்டை நழுவி முகம் தெரிந்தது."

"இன்னொரு வாட்டி படிங்க மேடம்."

படித்தாள். அந்தம்மா சாட்சி சொன்ன அன்று, நானும் சாட்சி என்று என்னை வெளியே நிற்க வைத்திருந்தார்கள். கூண்டில் நின்று கேட்ட என் வீட்டுக்காரருக்கும் உறைக்கவில்லை. ஏழு மாதம் கழித்துப் பிடித்துப் போனவரிடம் ஏப்ரல் நாலு என்றால் அவருக்கு என்ன தெரியும்?

"மேடம், அந்த வருஷம் பங்குனி உத்திரத்துக்கு மயிலத்துல மொட்டை போட்டாரு. மார்ச் இருபத்தஞ்சு. அடுத்த வாரமே லைசென்ஸ் புதுசு பண்ணிக்கினு வந்தாரு. மொட்டைத் தலையோடதான் படம் புடிச்சாங்க."

வெனிலா பேனாவைக் கீழே வைத்தாள். "லைசென்ஸ் எங்கக்கா?"

அங்கேதான் என் பாவம் இருக்கிறது. பழைய வக்கீல் ஜாமீனுக்குப் படம் போட்ட அட்டை கேட்டபோது, நான் லைசென்ஸைத்தான் எடுத்தேன். மொட்டைத் தலை, முறைக்கிற கண், அசல் ரவுடி. இதை ஜட்ஜ் பார்த்தால் ஒழிந்தோம் என்று ஆதாரைக் கொடுத்துவிட்டு, லைசென்ஸை ஒரு கவரில் சுற்றி அரிசி டிரம்மின் அடியில் போட்டேன்.

பஸ் ஏறிய பிறகுதான் ஞாபகம் வந்தது. போன மாதம் வண்டு பிடித்ததென்று டிரம்மைக் கொல்லையில் கவிழ்த்து உதறியிருந்தேன். அதோடு போயிருந்தால்? திண்டிவனம் வருகிற வரை மயிலம் முருகனைக் கெஞ்சினேன், திட்டவும் செய்தேன். வீட்டுக்குள் போன ஜோரில் தோள் வரைக்கும் கையை விட்டுத் துழாவினேன். ஒன்றுமில்லை. டிரம்மைச் சாய்த்து அரிசியை எல்லாம் தரையில் கொட்டினேன். அடித்தகரத்தின் மடிப்பில் அந்தக் கவர் ஒட்டிக்கொண்டிருந்தது.

அட்டையில் ஏப்ரல் ஒன்று என்று தேதி இருந்தது, செயின் போனதற்கு மூன்று நாள் முன்பு. படம் அன்றுதான் எடுத்தது என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் சான்று வாங்கி, அதைப் புது ஆதாரமாகச் சேர்க்கச் சொல்லி வெனிலா மனுப் போட்டாள்.

விசாரணை நாளில் ஜட்ஜ் அந்த அட்டையை வெகுநேரம் பார்த்தார். அவர் கண்ணுக்கும் ரவுடியாகத் தெரிந்தால்?

"பத்து நாள்ல முடி வளரும் ஐயா" என்றார் அரசு வக்கீல்.

"கொத்தா புடிக்கிற அளவுக்கா?" என்றார் ஜட்ஜ்.

இரண்டு வாரம் சோறு இறங்கவில்லை. பிறகு தீர்ப்பு வந்தது: தண்டனை ரத்து, விடுதலை.

ஜெயில் வாசலில் அவர் இளைத்துப்போய் வந்தார். மனசில் வைத்துக்கொள்ள எனக்குத் தெம்பில்லை.

"நான்தாங்க லைசென்ஸ ஒளிச்சி வெச்சிக்கினு இருந்தேன். அதுல உங்க மூஞ்சி திருடன் மாரி இருக்குதுன்னு பயந்துட்டேன். இல்லன்னா அப்பவே வந்திருப்பீங்க."

அவர் அட்டையை வாங்கிப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

"அந்தம்மாவுக்கு நா யாருன்னே தெரியாது பாஞ்சாலி" என்றார் மெதுவாக. "உனக்குத் தெரியுமே."

திண்டிவனம் வரைக்கும் அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். நான் லைசென்ஸை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.