பத்தாவது சொல்

புகாராவில் எங்கள் ஜெபாலயத்தில் ஆட்களை ஒன்று, இரண்டு என்று எண்ணுவதில்லை. எண்ணினால் கண் பட்டுவிடும். பத்துச் சொற்கள் கொண்ட ஒரு வசனம் இருக்கிறது. ஒவ்வொருவர் முகமாகப் பார்த்து, ஆளுக்கொரு சொல்லாக அதைச் சொல்லிக்கொண்டு போவோம். கடைசிச் சொல்லுக்கு ஆள் இருந்தால் முழுத் தொழுகை நடக்கும். இல்லாவிட்டால் தேநீர் குடித்துவிட்டுக் கலைவோம். இறந்தவர்களுக்கான கதீஷ் பிரார்த்தனையைப் பத்து யூத ஆண்கள் இல்லாமல் சொல்லக் கூடாது.

என் மனைவி பூலோர் சென்ற கோடையில் இறந்துபோனாள். அவளுடைய முப்பதாம் நாளன்று கடைசிச் சொல் ஒரு வெளிநாட்டுக்காரன்மேல் விழுந்தது. தன்னை யூதன் என்று சொல்லிக்கொண்டவன். காகிதங்கள் காட்டினான். இலையுதிர் காலத்தில்தான் தெரிந்தது, அவன் வேறு மதத்துக்கு ஆள் பிடிக்க வந்தவன். மற்றவர்கள் இரண்டு வாரம் திட்டிவிட்டு மறந்துவிட்டார்கள். நான் மறக்கவில்லை. அன்று கல்லறையருகே இருந்தது ஒன்பது பேர். அவளுக்காக நான் சொன்ன கதீஷ் செல்லாது.

ஆண்டு நிறைவுக்காவது கல்லறையருகே நிஜமான பத்துப் பேர் வேண்டும். அதைத் தவிர வேறு எதுவும் வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

லியாந்த்ரோ குளிர்காலத்தில் வந்தான். அர்ஜென்டீனாக்காரன். எங்கள் பல்கலைக்கழகத்தில் எங்கள் ஊர்ப் பேச்சான தாஜிக் மொழி படிக்க வந்திருந்தான். ஒரு வெள்ளிக்கிழமை மாலை தொப்பியெல்லாம் பனியோடு ஜெபாலய வாசலில் நின்றான்.

"தங்கள் அனைவருக்கும் சமாதானம் உண்டாகட்டும். நான் ஒரு யூதன். இந்நகரில் என் மக்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன்" என்றான்.

ஜெபாலயத்தை நடத்தும் ஹியோ மாமா அவனை மேலும் கீழும் பார்த்தார். "செய்தி அறிக்கை முடிஞ்சுதா, இன்னும் இருக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். புரிந்து சிரித்தானா என்று தெரியவில்லை.

"பேரு என்னப்பா?"

"லியாந்த்ரோ."

"இது என்ன பேரு, பந்து விளையாடறவன் பேரு மாதிரி? சரி, நீ ஆசாரிய வம்சமா, லேவியா, எங்கள மாதிரி சாதா ஆளா?"

"அது எனக்குத் தெரியாது, ஐயா."

சிரிப்பு நின்றது. ஆசாரியர் என்றால் பழங்கால ஆலயத்துக் குருமாரின் வழிவந்தவர், இன்றும் சபைக்கு ஆசீர்வாதம் கொடுப்பவர்; லேவியர் அவர்களுக்குத் துணை நின்றவர்களின் வழிவந்தவர். எங்கள் ஊரின் கடைசி ஆசாரியக் குடும்பம் நான் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே இஸ்ரேலுக்குப் போய்விட்டது. ஆனாலும் தன் வம்சம் தெரியாத யூதனை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. அவன் கைப்பேசியை எடுத்துத் தன் தாய்வழித் தாத்தா பாட்டியின் திருமணப் பத்திரத்தைக் காட்டினான். ஹியோ மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். நான் பார்க்கவில்லை. முதலில் வந்தவனும் இப்படித்தான் காட்டினான்.

"ஹமாமுக்குக் குளிக்கக் கூட்டிட்டுப் போய்ப் பாத்துடலாமா?" என்று பின்னர் என்னிடம் கிசுகிசுத்தார் ஹியோ மாமா.

"பாத்து என்ன ஆவப் போவுது மாமா? இந்த ஊருல முக்காவாசிப் பேருக்குச் சுன்னத்து செஞ்சிருக்கு."

"அதுவும் சரிதான்."

அதன்பிறகு அவன் ஒரு சனிக்கிழமைகூடத் தவறவில்லை. எழுத்துகளின்கீழ் விரல் வைத்துப் படிப்பான். எல்லோரும் எழுந்தபிறகு எழுவான். ஓய்வுநாளில் அடுப்பு மூட்டக் கூடாதென்று முந்தின இரவெல்லாம் அடுப்பில் வைத்திருக்கும் சோற்றை இரண்டு தட்டு தின்பான். பூட்டிக் கிடக்கும் வீடுகளைக் காட்டி, இங்கே யார் இருந்தார்கள், எப்போது போனார்கள் என்று விசாரிப்பான். எதற்குக் கேட்கிறான்? யாரிடம் சொல்கிறான்? இத்தனை தூரம் படிக்க வந்தவனுக்கு ஒன்பது மனிதர்களும் ஒழுகும் கூரையும் ஏன் வேண்டும்?

அப்போது எங்களுக்கு அவன் தேவைப்படவில்லை. இல்யாவு இருந்தார். கால் விழுந்துபோனவர், வெளியே எங்கும் வர முடியாதவர், ஜெபாலயத்தை ஒட்டிய மாடியில் குடியிருந்தார். தொழுகை நேரத்தில் சன்னலைத் திறந்து முகத்தைக் காட்டுவார். சன்னலில் முகம் தெரிந்தால் அவரும் பத்தில் ஒருவர். எங்கள் சட்டம் அதை ஏற்கிறது. கையில் தேநீர்க் கிண்ணத்தோடு மேலிருந்து 'ஆமென்' போடுவார்.

குளிர் முடியும்போது இல்யாவு இறந்துபோனார். சவ ஊர்வலத்தன்று லியாந்த்ரோ சந்து முனைவரை வந்தான். வீட்டுக்குள் வரவில்லை. பாடையைத் தூக்கியதும் எதிர்ப் பக்கம் விலகி நடந்துபோய்விட்டான்.

"சாப்பாட்டுக்கு முன்னால நிக்கறான். சாவுக்கு ஓடறான்" என்றார் ஹியோ மாமா.

அடுத்த வாரத்திலிருந்து கடைசிச் சொல் அவன்மேல் விழுந்தது. வேறு ஆள் இல்லை. ஹியோ மாமா அந்தச் சொல்லைச் சொல்லும்போது நான் தரையைப் பார்த்துக்கொள்வேன்.

ஆண்டு நிறைவு நெருங்கியது. கோடை வெயிலில் சுற்றுலாப் பயணிகளும் வருவதில்லை. பூலோரின் அண்ணன் அம்னூன் தெல் அவிவிலிருந்து பேசினான்.

"மச்சான், எனக்கு லீவு கெடைக்கல. அம்மா ஒண்ணே ஒண்ணுதான் கேக்கச் சொன்னாங்க. இந்த வாட்டியாவது பத்துப் பேரு நெஜமா இருப்பாங்களா?"

"பாக்கறேன்."

"பாக்கறேன்னா என்ன அர்த்தம்?"

"பாக்கறேன்னு அர்த்தம்."

மாணவர் விடுதிக்குப் போனேன். லியாந்த்ரோ நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தான்.

"ஞாயித்துக்கிழமை காலையில கல்லறைத் தோட்டத்துக்கு வரணும். என் மனைவிக்கு" என்றேன்.

அவன் முகம் மாறியது. "மன்னிக்க வேண்டும், நிஸான் அண்ணா. நான் கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைவதில்லை."

"பயமா?"

"இல்லை. எங்கள் வீட்டு வழக்கம். என் தந்தை நுழைந்ததில்லை. காரணத்தை அவர் சொன்னதில்லை. வாசல்வரை வருகிறேன்."

வாசல்வரை வந்து என்ன செய்வது? நான் எழுந்து வந்துவிட்டேன். உள்ளே வந்தால் ஏதோ வெளிப்பட்டுவிடும், அதனால் தப்பிக்கிறான் என்று நினைத்தேன். ஹியோ மாமாவிடம், "வர மாட்டானாம்" என்று மட்டும் சொன்னேன்.

ஞாயிறு காலை ஒன்பது பேர் கூடினோம். புதிய கல்லறைகள் வாசலை ஒட்டியே இருக்கின்றன. எங்கள் ஊரில் கறுப்புக் கல்லில் இறந்தவரின் முகத்தைச் செதுக்குவார்கள். பூலோரின் முகம் இருந்தது. செதுக்கியவன் புருவத்தைச் சற்று உயர்த்திவிட்டான். எதையோ நம்பாதவள் போல இருந்தாள்.

ஹியோ மாமா வசனத்தைத் தொடங்கி ஒன்பதாவது சொல்லில் நிறுத்தினார்.

என் கைப்பேசித் திரையில் அம்னூன் இருந்தான். "மாமா, என் மொகம் தெரியுதுல்ல? இல்யாவு மாதிரி என்னையும் சேத்துக்கங்க."

"கண்ணாடிக்குள்ள தெரியறது மொகம் இல்லடா, வெறும் வெளிச்சம். வச்சிரு."

யாராவது தெருவில் கிடைப்பார்களா என்று நான் வாசலுக்குப் போனேன். கிடைக்க மாட்டார்கள் என்று தெரியும். சும்மா நிற்க முடியவில்லை.

தெருவின் எதிர்ப் பக்கம், சுட்டெரிக்கும் வெயிலில் லியாந்த்ரோ நின்றுகொண்டிருந்தான். தலையில் கைக்குட்டை. கழுத்தெல்லாம் சிவந்திருந்தது. இந்தப் பக்கம், மதிலைத் தாண்டி வெளியே சாய்ந்த முசுக்கொட்டை மரத்தடியில் ஒரு பெஞ்சு காலியாகக் கிடந்தது. நல்ல நிழல்.

காவல்காரர் ஷவ்கத் என்னிடம் முறையிட்டார். "தம்பி, உங்காளுக்கு மூளை உருகிப் போச்சு. விடிஞ்சதுலேருந்து நிக்கறான். நெழல்ல வந்து உக்காருய்யான்னா மாட்டேங்கறான்."

தெருவைக் கடந்து போனேன். "ஏன் நிழலுக்கு வரல?"

அவன் சங்கடப்பட்டான். "அந்த மரத்தின் கிளைகள் உள்ளே கல்லறைகள் மேலும் இருக்கின்றன, வெளியே தெரு மேலும் இருக்கின்றன. அப்படிப்பட்ட மரத்தின்கீழ் என் தந்தை எங்களை நிற்க விடமாட்டார். மடத்தனமாகத் தோன்றலாம்."

இப்படி வெயிலில் நின்ற ஒருவரைச் சிறுவயதில் நான் பார்த்திருக்கிறேன். முடிதிருத்தும் யூனோ. இஸ்ரேலுக்குப் போன அந்த ஆசாரியக் குடும்பத்துக்காரர். எந்தச் சாவானாலும் இதே தெருவில், தலையில் கைக்குட்டையோடு நிற்பார். அவர் ஏன் நிழலுக்கு வரவில்லை என்று அப்பாவைக் கேட்டேன். ஆசாரியனுக்குப் பிணத்தீட்டு ஆகாது, தீட்டு கிளை வழியாக இறங்கும் என்றார்.

"உங்க அப்பா ஜெபாலயத்துல ஆசீர்வாதம் குடுப்பாரா?"

"என் தந்தை ஜெபாலயத்துக்கே போனதில்லை. அவர் பொதுவுடைமைக் கட்சிக்காரர்."

"ஆனா மரத்தடியில நிக்கமாட்டாரு."

"நிற்கமாட்டார்."

அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏமாற்ற வருகிறவன் பிரார்த்தனைகளை மனப்பாடம் செய்துகொண்டு வருவான். என் வம்சம் இன்னது என்று முதல்நாளே சொல்வான். ஏன் என்றே தெரியாமல், யாரும் பார்க்காத தெருவில் வெயிலில் நிற்க மாட்டான். சந்தேகம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். நகர்ந்து கொடுத்தது.

வாசலின் மறுபக்கம் ஷவ்கத்தின் அறை. மரம் அங்கே எட்டாது. கதவு தெருவைப் பார்த்தது. சன்னல் உள்ளே, கல்லறைகளைப் பார்த்தது.

"ஷவ்கத் அண்ணே, உங்க சன்னல் வேணும்."

"சன்னலையா? கழட்டிட்டா போவப் போறே?"

"இவன் மொகத்தை வைக்கணும்."

ஷவ்கத் முணுமுணுத்தபடி சன்னல் மேடையிலிருந்த வெங்காயத்தை அள்ளி, சன்னலை அகலத் திறந்தார். லியாந்த்ரோ தெருக் கதவு வழியாக அறைக்குள் போனான். நான் உள்ளே ஓடிப்போய் ஹியோ மாமாவிடம் மரத்தைப் பற்றிச் சொன்னேன்.

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஆசாரியனா! குளிர்காலம் பூரா ஒரு ஆசாரியனை உக்கார வச்சு, சோத்தைத் தின்னறான் தின்னறான்னு பேசினோமே! கழுதைங்கடா நாம." பிறகு சன்னலைப் பார்த்துக் கத்தினார்: "டேய், செய்தி அறிக்கை! தலையை நல்லா வெளிய காட்டு! இல்யாவு மாதிரி! தேநீர் வேணுமா?"

"வேண்டாம், ஐயா. நன்றி."

ஹியோ மாமா தொண்டையைச் செருமினார்.

"நான் சொல்றேன் மாமா" என்றேன்.

முகம் முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். எனக்கும் ஒரு சொல் வைத்துக்கொண்டேன். ஒன்பதாவது சொல் முடிந்ததும் சன்னலைப் பார்த்தேன். வியர்வை வழிய, கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றான். மேடையில் வெங்காயச் சருகு மிச்சமிருந்தது.

பத்தாவது சொல்லைச் சொன்னேன்.

கதீஷைத் தொடங்கினேன். அவனுடைய முதல் 'ஆமென்' எல்லோரையும் முந்திக்கொண்டு வந்தது. ஹியோ மாமா அவனை முறைத்தார். இரண்டாவது சரியாக வந்தது.