யூதாசுக்கு வந்த தந்தி

ஏசுவின் பாடுகளை நடிக்கும் பாஸ்கா நாடகத்தில் ஒரு பெரிய கஷ்டம், முடிவு எல்லோருக்கும் தெரியும். யார் காட்டிக்கொடுப்பான், யார் கைகழுவுவான் என்பதைப் பல் விழுந்த கிழடுகூடத் தூக்கத்தில் ஒப்பிக்கும். அந்தக் கதையை வருஷா வருஷம் மேடையேற்றி, ஜனங்களை மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்காரவைக்க வேண்டும். பதினேழு வருஷமாக அந்த வேலையைப் பார்க்கிறவன் நான். பெயர் லூர்துநாதன், பள்ளிக்கூட வாத்தியார்.

ஆவூருக்கு நாலு மைலில் எங்கள் ஊர். ஈஸ்டருக்கு ஒரு வாரம் முன்னால் வரும் குருத்து ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை பகல் இரண்டு மணிக்கு நாடகம். ராத்திரியில் ஆணும் பெண்ணும் கூடக் கூடாது என்று சாமியார் உத்தரவு. பட்டப்பகலில் ஒட்டுதாடி ஒட்டுதாடியாகவே தெரியும். யூதாஸ் நாண்டுகொள்ளும் காட்சியில் கடலை உரித்துத் தின்பார்கள். ஒரு வருஷம் சிரித்தே விட்டார்கள். அன்றைக்கு எனக்கு ஊரையே கொளுத்தலாம் போல இருந்தது.

புதுக்கோட்டைக்கு சினிமா பார்க்கப் போனால் நான் திரையைப் பார்க்க மாட்டேன். பக்கத்தில் இருக்கிறவன் எந்த இடத்தில் வெற்றிலை மெல்லுவதை நிறுத்துகிறான் என்று பார்ப்பேன். கதவுக்குப் பின்னால் கத்தியோடு ஒருவன் நிற்பது பார்க்கிறவனுக்குத் தெரிய வேண்டும், உள்ளே வருகிறவளுக்குத் தெரியக் கூடாது. அங்கேதான் நிறுத்துகிறான். விஷயம் அவ்வளவுதான். ஆனால் பாஸ்காவில் அதை எப்படிச் செய்வது? மேடையில் நிற்கிற யூதாசுக்குத் தெரியாத எது ஜனங்களுக்குத் தெரியும்?

அந்த வேஷத்துக்கு ஆள் பிடிப்பதே குதிரைக்கொம்பு. காரணம் எங்கள் ஊர் வழக்கம். யூதாஸ் வேஷம் ஏற்றவனைத் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரைக்கும் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். பெற்றவளே, "யூதாசு, கஞ்சி குடிக்க வா" என்பாள். ஈஸ்டர் அன்று பாவசங்கீர்த்தனம் செய்து, பூசையில் நன்மை அப்பம் வாங்கிய பிறகு, கோயில் வாசலில் ஊர்த்தலைவர் ஜெபமாலை பேர் சொல்லிக் கூப்பிடுவார். அதற்கு முன்னால் யாராவது பேரைச் சொன்னால் அவன் வீட்டில் சாவு விழும் என்று ஊருக்கு நம்பிக்கை.

1956இல் அடைக்கலராஜ் ஒப்புக்கொண்டான். கிணறு வெட்டுகிறவன். நடிப்பு சுமார்தான், ஆசைதான் மலையளவு. "யூதாசுக்காக ஒரு தடவையாச்சும் இந்த ஊரு அழுகணும் சார்" என்பான். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து அவன் மனைவி வியாகுலமேரி உண்டாகியிருந்தாள். பிரசவத்துக்குத் திருச்சி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அவள் தாயார் சூசைமேரி கூட இருந்தாள்.

நாடகத்தன்று காலையில் அவன் என்னிடம் வந்தான்.

"சார், நோவு எடுத்தா தந்தி அடிக்கச் சொல்லிருக்கேன். வந்துச்சுன்னா வேசத்தோடயே ஓடிருவேன். கோவிச்சுக்கக் கூடாது."

"வந்தா நானே கொண்டாந்து ஒன் கையில குடுக்குறேன்டா. போய்ப் பாடத்தைப் பாரு" என்றேன். அப்போது மனதாரத்தான் சொன்னேன்.

தந்தி இரண்டே முக்காலுக்கு வந்தது. தந்திச் சேவகன் சைக்கிளைக் கூட்டத்தின் ஓரம் நிறுத்திவிட்டு, "அடைக்கலராஜ் யாருங்க?" என்று கேட்டான். வெளியூர்க்காரன், வழக்கம் தெரியாது. பேரைக் கேட்டதும் பெண்கள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். நான் போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கிப் பக்கத்தில் இருந்தவர்கள் காதில் விழப் படித்தேன். வியாகுலமேரி நிலைமை மோசம், உடனே புறப்படவும்.

திருச்சி பஸ் மூன்றரைக்கு. கூப்பிடு தூரத்தில் ரோடு. அதை விட்டால் ஏழு மணிக்குத்தான்.

ஜெபமாலை என் காதருகில் வந்தார். "யூதாசு போயிட்டா நாடகம் அம்புட்டுத்தான் சார். நாலு ஊரு சனம் வந்து ஒக்காந்திருக்கு. முடியட்டும், சொல்லிக்கலாம்."

அவர் சொன்னதற்காகச் செய்தேன் என்று நான் தப்பித்துக்கொள்ள மாட்டேன். தந்தியைச் சட்டைப் பையில் வைத்தபோதே கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தேன். முன்வரிசையிலிருந்து கடைசி வரைக்கும் சேதி காதுக்குக் காது போய்க்கொண்டிருந்தது. ஒருவர்கூடக் கடலை உரிக்கவில்லை. எல்லோர் கண்ணும் மேடையில் நின்ற அடைக்கலராஜ் மேலேயே இருந்தது. எனக்குப் புல்லரித்தது. பதினோரு வருஷமாக நான் தேடியது அதுதான்.

கடைசி இராப்போஜனக் காட்சியில் அவன் அப்பத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும்போது பஸ் வந்தது. நின்றது. ஹாரன் அடித்தது. அத்தனை தலையும் ரோட்டுப் பக்கம் திரும்பி, மறுபடி அவன் பக்கம் திரும்பியது. ஒரு பெண் எழுந்திருக்கப் பார்த்தாள், புருஷன் சேலையைப் பிடித்து உட்காரவைத்தான். பஸ் போய்விட்டது. அடைக்கலராஜ் அப்பத்தை வாயில் போட்டு மென்றான். அந்த மெல்லலுக்கு ஊரே விம்மியது.

அவனுக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை அழுகையை எந்த யூதாசும் கண்டதில்லை. என்றும் இல்லாத அளவுக்கு நன்றாக நடித்தான், அதையும் சொல்ல வேண்டும். கடைசியில் கயிற்றோடு மரத்தை ஒருமுறை சுற்றிவிட்டுச் சுருக்கு மாட்ட வேண்டும். நான் படுதாவுக்குப் பின்னாலிருந்து, "இன்னொரு சுத்து" என்றேன். சுற்றினான். பெண்கள் மாரில் அடித்துக்கொண்டார்கள். "இன்னொண்ணு" என்றேன்.

அந்த மூன்றாவது சுற்றுக்கு என்னை ஆண்டவரே மன்னிக்க மாட்டார்.

ஐந்தேகாலுக்குப் படுதா விழுந்தது. ஒருவரும் எழுந்து போகவில்லை. செய்தியை அவன் எப்படி வாங்குகிறான் என்று பார்க்காமல் எப்படிப் போவார்கள்? கழுத்தில் கயிற்றுத் தடத்தோடு, வாயெல்லாம் பல்லாக ஓடி வந்தான்.

"பாத்தீங்களா சார். ஊரே அழுகுது சார்."

"அடைக்கலராஜ்" என்றேன்.

பேரைக் கேட்டதும் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. ஈஸ்டருக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. மேற்கொண்டு நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தந்தியை நீட்டினேன். எழுத்துக் கூட்டிக்கூடப் பார்க்காமல் கையில் வைத்துக்கொண்டு கேட்டான்.

"எப்ப வந்துச்சு?"

"இப்பத்தான்."

கூட்டத்தைப் பார்த்தான். ஒவ்வொரு முகமாக, கடைசி வரிசை வரைக்கும். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"அதுக்குத்தான் அழுதீங்களா?" என்றான்.

அவன் என்னை அடித்திருக்கலாம். அந்த அங்கியோடேயே ரோட்டுக்குப் போய் ஏழு மணி பஸ்ஸுக்காகக் குத்தவைத்து உட்கார்ந்தான். ஜனங்கள் கொஞ்சம் தள்ளி நின்று அதையும் பார்த்தார்கள்.

மறுநாள் வியாகுலமேரியின் உடலோடு வந்தான். பெண் குழந்தை பிழைத்துவிட்டது. கல்லறைத் தோட்டத்தில் சூசைமேரி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"ஆறு மணி வரைக்கும் நெனவோட கெடந்தா சார். மூணரை பஸ்ஸப் புடிச்சா அஞ்சுக்கெல்லாம் வந்துருவாருன்னு அவதான் கணக்குப் போட்டுச் சொன்னா. கதவு தெறக்கையில எல்லாம் தலையத் தூக்கித் தூக்கிப் பாத்தா. கடைசியில அஞ்சரை ஆச்சா ஆத்தான்னு கேட்டா. ஆச்சுன்னேன்."

"தந்தி லேட்டா வந்துருச்சும்மா" என்றேன்.

"நீங்க என்னங்க சார் செய்வீங்க" என்று அவள் என் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

பக்கத்தில் ஊரே நின்றது. அத்தனை பேருக்கும் தெரியும், அவளுக்கு மட்டும் தெரியாது. அடைக்கலராஜ் என்னைப் பார்த்தான். இதோ சொல்லப் போகிறான் என்று நினைத்தேன். அவன் குழியில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டுப் போனான்.

ஆறு வருஷம் ஆகிறது. ஒவ்வொரு பாஸ்காவுக்கும் மகளை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்காருகிறான், பக்கத்தில் சூசைமேரி. அவன் மேடையைப் பார்ப்பதில்லை. படுதா ஓரத்தில் நான் நிற்கிற இடத்தையே பார்க்கிறான். நாடகம் முடிந்ததும் எழுந்து, மாமியார் பக்கம் குனிந்து ஏதோ சொல்கிறான். அதைத்தானோ என்னவோ, எனக்குக் கேட்காது. அவள் தலையைத் திருப்பி என்னைத் தேடுகிறாள். கூட்டம் கலையாமல் நிற்கிறது. அவள் கும்பிட்டு, "நல்லா இருந்துச்சுங்க சார்" என்று சொல்லி முடிக்கும் வரைக்கும் எனக்கு மூச்சு வருவதில்லை.