பளிச்சென்ற திரை

காற்றாலைகள் வந்த நாளிலிருந்து என் ராடார் திரைக்கு அம்மை போட்டதுபோல் ஆகிவிட்டது. விமான நிலையத்துக் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து விமானங்களுக்கு வழி சொல்வது என் வேலை. மேற்கே குன்றின்மேல் காற்றாலைகள் சுழலத் தொடங்கியதும், இல்லாத விமானங்களெல்லாம் திரையில் புள்ளி புள்ளியாக முளைத்தன. ராடாரைத் திட்டிப் பயனில்லை. அதற்குத் தெரிந்ததெல்லாம், அசையாதது மலை, அசைவது விமானம். ராட்சத இறக்கைகள் சுற்றிச் சுற்றி, ராடார் அனுப்பும் அலையைக் கண்டபடி சிதறடித்தால் அது என்ன செய்யும்? எது நிஜம், எது போலி என்று பார்த்தே எனக்குக் கண் பூத்துப்போனது.

ராடாரைப் பராமரிக்கும் பொறியாளர் என் வீட்டுக்காரர்தான். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, "நாளைக்குப் பாரு, திரை பளிச்சுனு இருக்கும்" என்றார். இருந்தது. குன்றுப் பக்கம் ஒரு புள்ளி இல்லை. எப்படி என்று கேட்டதற்கு, "அதெல்லாம் எங்க வித்தை" என்று சிரித்தார். நானும் பூரித்துப்போய் அதோடு விட்டுவிட்டேன். கட்டிக்கொண்டவர் கெட்டிக்காரர் என்றால் யாருக்குக் கசக்கும்?

பிறகு, காற்றாலைகளை ஓட விடுவதா நிறுத்துவதா என்று கூட்டம் போட்டார்கள். விமானிகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் எழுந்து, "திரை இப்ப சுத்தமா இருக்கு. அதுக்கு நான் பொறுப்பு" என்றேன். என் வார்த்தையை வைத்தே மேலாளர் கூட்டத்தை முடித்தார். பக்கத்து நாற்காலியில் இருந்த என் வீட்டுக்காரர் வாயே திறக்கவில்லை.

இன்று மதியம் ஒரு பயணிகள் விமானம் குன்றுப் பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தது.

"வழியில ஏதாவது இருக்கா?" என்று விமானி கேட்டார்.

"எதுவும் இல்ல. வாங்க."

சொல்லி வாய் மூடுவதற்குள் அவர் குரல் மாறியது. "இடது பக்கம் ஒரு விமானம். வயலுக்கு மருந்தடிக்கிறது. ரொம்பக் கிட்ட இருக்கு, நான் விலகுறேன்."

திரையில் அந்தச் சின்ன விமானம் இல்லவே இல்லை. தன் இருப்பைத் தானே அறிவிக்கும் கருவி இல்லாத பழைய ரகம் அது; ராடார் பார்த்தால்தான் உண்டு. குன்றைத் தாண்டிய பிறகுதான் அதன் புள்ளி எட்டிப் பார்த்தது. பயணிகள் விமானம் ஒரு சுற்றுச் சுற்றி வந்து இறங்கியது. நான் இருக்கையைச் சக ஊழியரிடம் கொடுத்துவிட்டுக் கீழே கருவி அறைக்குப் போனேன்.

"குன்றுப் பக்கம் என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

அவர் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். "அங்கேயிருந்து எது வந்தாலும் காட்டாதேன்னு ராடாருக்குச் சொல்லி வச்சேன். வேற வழி இல்ல."

"போலியோட நிஜமும் போயிடுமே."

"தெரியும்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா கூட்டத்துல போட்டு உடைச்சிருப்ப. மேலேயிருந்து சரிபண்ணு, சரிபண்ணுன்னு உயிரை எடுத்தாங்க. திரை சுத்தம்னு நீ சொன்னாத்தான் எல்லாரும் கேப்பாங்க."

யாரோ ஒருவன் ஏமாற்றியிருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருப்பேன். இவர் தினமும் எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிற மனிதர். புள்ளிகள் நிறைந்த திரையில் சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டாவது வேலை பார்த்தேன். அந்தச் சந்தேகத்தையும் என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்.

"இனிமே எதையும் மறைக்க மாட்டேன்மா."

"திரை பளிச்சுனு இருக்கும்னும் இதே குரல்லதான் சொன்னீங்க."

சுவரிலிருந்த தொலைபேசியை எடுத்து மேலாளரைக் கூப்பிட்டேன். "என் வேலை போயிடும்" என்றார் என் வீட்டுக்காரர், மெதுவாக. நான் திரும்பவில்லை.

மறுமுனையில் மேலாளர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவர் பக்கத்துல இருந்தா குடுங்க, என்னன்னு கேக்குறேன்" என்றார்.

"குடுக்கிறேன் சார். ஆனா என்னை நம்பித்தான நீங்க அவரை நம்பினீங்க? இனிமே அப்படி நம்பாதீங்க" என்று சொல்லி அவரிடம் நீட்டினேன்.